வன்னிக் காட்டில் ஒரு தோட்டாவின் தூரம்

இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள ஸ்கந்தபுரத்தின் வயல்களும் தோட்டங்களும் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. பாலை, வீரை, முதிரை, இடையிடையே முட்பற்றை. உள்ளே இறங்கி நின்றால் பார்வை முப்பது மீற்றருக்கு அப்பால் போவது அரிது. குளத்து அலைகரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் வெளி கொஞ்சம் விரிகிறது. ஆனால் பன்றி வயலுக்குள் இறங்குவது இரவில். அந்த நேரத்தில் கண்ணின் எல்லை ரோச் லைட்டின் எல்லைதான். வன்னியில் துவக்குப் பிடித்த எவரும் இந்தக் குறுகிய தூரத்துக்குள்தான் வேட்டையைக் கற்றிருக்கிறார்கள்.

உலகின் வேறு நிலங்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளிலும் நியூசிலாந்தின் மலைச்சரிவுகளிலும் 400, 500, சில வேளை 700 மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பது அங்கே முடிவில்லாத வாதம். வன்னிக்கும் அந்த வாதத்துக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் தோட்டாவிலிருந்து கிளம்பும் சன்னம் எப்போது கொல்லும், எப்போது காயப்படுத்தி மட்டும் விடும் என்பதை அந்த வாதம் நுணுக்கமாக அளந்திருக்கிறது. காலில் சீழ் வைத்த காயத்தோடு யானைகள் மாதக்கணக்கில் அலையும் ஒரு நிலத்துக்கு அந்தக் கணக்கு அவசரமாகத் தேவை.

நீண்ட தூரத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். .308 வின்செஸ்டர் 1952இல் சந்தைக்கு வந்த தோட்டா. இன்றும் உலகெங்கும் வேட்டைக்காரர்களின் கையில் இருப்பது. ஏறக்குறைய 11 கிராம் சன்னமொன்று குழலை விட்டு வினாடிக்கு 800 மீற்றர் வேகத்தில் கிளம்புகிறது. அப்போது அதனிடம் உள்ள ஆற்றல் சுமார் 3,500 ஜூல். காற்று அதை விடாமல் தடுக்கிறது. 500 மீற்றரை அடையும்போது வேகம் வினாடிக்கு 510 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும்; மிஞ்சும் ஆற்றல் 1,400 ஜூல் சொச்சம். 100 மீற்றருக்குக் குறி சரிசெய்த துவக்கு என்றால் 500 மீற்றரில் சன்னம் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலாகக் கீழே இறங்கியிருக்கும். இந்த இறக்கத்தை அட்டவணை பார்த்துத் திருத்திவிடலாம், ஏனென்றால் புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறுவதில்லை. காற்று மாறும். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று வீசினால் அதே சன்னம் அரை மீற்றருக்கும் மேலாக ஒதுங்கிப்போகும். மானின் இருதயமும் சுவாசப்பையும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். சுடுபவர் தன் முகத்தில் படும் காற்றை அறிவார்; 300 மீற்றருக்கு அப்பால், பள்ளத்தின் நடுவில் வீசும் காற்றை அவர் புல்லின் அசைவையும் கானலையும் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

சன்னத்தின் உருவம் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. 2007இல் அமெரிக்காவின் ஹோர்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிறீட்மோர் என்ற தோட்டாவில் சன்னம் மெல்லியது, நீளமானது, கூர்மையானது. குறுக்களவு 6.7 மில்லிமீற்றர்; .308இன் சன்னம் 7.8. கிறீட்மோர் கிளம்பும்போது ஏறக்குறைய 3,100 ஜூல் ஆற்றலோடுதான் கிளம்புகிறது. ஆனால் காற்று அதை எளிதில் பிடித்து நிறுத்துவதில்லை. 500 மீற்றரில் அதனிடம் சுமார் 1,500 ஜூல் மிஞ்சுகிறது. குறைவாகக் கொண்டு புறப்பட்டது கூடுதலாகக் கொண்டு சேர்கிறது. பின்னுதையும் குறைவு, அதனால் சுடுபவரின் தோள் முன்கூட்டியே சுருங்குவதில்லை, குறி கலைவதில்லை. தோட்டாவின் பருமனைப் பார்த்து அதன் வலுவை எடைபோடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. இந்த எண்கள் அந்தப் பழக்கத்தை உடைக்கின்றன.

ஆற்றல் மட்டும் கொல்வதில்லை. வேட்டைச் சன்னத்தின் முனை உடம்புக்குள் போனதும் காளான்போல விரியவேண்டும். விரிந்தால்தான் காயம் அகலும், இரத்தம் விரைவாக வடியும், விலங்கு சில வினாடிகளில் விழும். பல வேட்டைச் சன்னங்கள் விரிவதற்கு வினாடிக்கு 550 மீற்றர் அளவு வேகம் வேண்டும். மேலே சொன்ன .308 சன்னம் 500 மீற்றரில் அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டது. இலக்கில் சரியாகப் பட்டாலும் அது ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் போகலாம். விலங்கு ஓடும். எங்கோ ஒரு பற்றைக்குள் மணிக்கணக்கில், நாட்கணக்கில் கிடந்து சாகும். தூரத்துக்குத் தோட்டா தேடுபவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இந்தச் சன்னம் எவ்வளவு தூரம் போகும் என்பதல்ல, எவ்வளவு தூரம்வரை விரியும் என்பதே. போகும் தூரம் கிலோமீற்றர் கணக்கு. விரியும் தூரம் அதில் ஒரு சிறு பங்கு.

இன்னொரு எல்லை உண்டு. அதை எந்தத் தொழிற்சாலையும் நகர்த்த முடியாது. 500 மீற்றரைக் கடக்க .308 சன்னத்துக்கு முக்கால் வினாடிக்குச் சற்று மேல் பிடிக்கிறது. ஆறுதலாக மேய்ந்து நடக்கும் மரை அதற்குள் ஒரு முழு அடி எடுத்துவைத்துவிடும். விசையை இழுத்தபோது தோளின் பின்பக்கத்தில் இருந்த குறி, சன்னம் வந்து சேரும்போது வயிற்றில் இருக்கும். சுட்டவர் பிழை ஏதும் செய்யவில்லை. விலங்கு ஓர் அடி நடந்தது, அவ்வளவுதான். வயிற்றில் பட்ட விலங்கு உடனே சாவதில்லை. இருநூறு மீற்றருக்குள் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை, ஏனெனில் பறக்கும் நேரம் கால் வினாடி சொச்சம்தான். நல்ல வேட்டைக்காரர் பலர் முந்நூறு மீற்றருக்கு அப்பால் சுட மறுப்பதற்குக் காரணம் கைத்திறமைக் குறைவு அல்ல, இந்தக் கணக்கு.

விரியும் சன்னத்துக்கு நம் பக்கத்து நிலத்தோடு ஒரு கசப்பான தொடர்பு இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்திலிருந்த பிரித்தானிய இராணுவத் தொழிற்சாலையில் 1890களில் .303 தோட்டாவின் முனையை ஈயம் தெரியும்படி விட்டுச் செய்தார்கள். எல்லைப்புறச் சண்டைகளில் பழைய சன்னம் ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்பது படையினரின் முறைப்பாடு. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் இப்படி விரியும் சன்னங்களைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்தது. மனிதருக்கு எதிராகத் தடுக்கப்பட்ட அதே சன்னம்தான் வேட்டையில் கட்டாயம். மான் வேட்டைக்கு இராணுவத்தின் முழு உறையிட்ட சன்னத்தை விலக்கி வைத்திருக்கும் நாடுகள் பல. போரின் நோக்கம் எதிரியைச் சண்டையிலிருந்து விலக்குவது, காயம் அதற்குப் போதும். வேட்டையில் காயம் என்பது தோல்வி. போர் முடிந்த நிலமொன்றில் போர்த் தோட்டாக்கள் வேட்டைக்குப் போகும்போது இந்த வேறுபாட்டின் விலையை விலங்குகள் கொடுக்கின்றன.

தமிழ் நிலத்தில் தூர வேட்டைக்கு இடம் கொடுத்தது ஒரே ஒரு நிலப்பரப்பு என்று சொல்லலாம்: நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளும் அவற்றின் விளிம்புப் பாறைகளும். அங்கே வரையாட்டுக்கு நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பாலிருந்து வெடி வைத்தார்கள் வெள்ளைக்காரர். அவர்கள் கையிலிருந்தது கரிமருந்தால் இயங்கிய எக்ஸ்பிரஸ் வகை றைபிள். பாரம் குறைந்த சன்னத்துக்கு நிறைய மருந்து போட்டு வேகத்தைக் கூட்டுவதுதான் அதன் உத்தி. 150 மீற்றர் தாண்டியதும் சன்னத்தின் பாதை செங்குத்தாக வளைந்துவிடும். பட்ட ஆடு பள்ளத்தில் உருண்டால் எடுக்கவே முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் நீலகிரியில் வரையாடு நூறளவுக்குக் குறைந்துபோனது. சுட்டவர்களே பயந்துதான் 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தச் சங்கமும் சட்டமும் புகையில்லா மருந்து வருவதற்கு முன்பே வந்தவை. பிரான்சில் போல் வியெய் 1884இல் அந்த மருந்தைச் செய்த பிறகுதான் சன்னம் சிறுத்து, வேகம் இரட்டித்து, இன்றைய தூரங்கள் சாத்தியமாயின.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் கதை மாறுகிறது. பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். பாரமான, மொட்டை முனைச் சன்னம். தூரத்துக்கு அது உதவாது. பற்றைக்குள் இருபது மீற்றரில் பாயும் புலிக்கு உதவும். ஆபிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் மவுசர் என்ற சிறு தோட்டாவால். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். விரியாத சன்னத்தைப் போட்டு, மிக அருகே போய், அந்த ஒரு இடத்தில் வைத்தார். அவர் செய்த அழிவை நான் மெச்சவில்லை. ஆனால் எந்தத் தோட்டா என்பதை விட எவ்வளவு அருகே, எந்த இடத்தில் என்பது பெரிது என்று அவர் நிறுவிவிட்டார்.

வன்னியில் யானைக்கும் மனிதருக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிமைகள் திறையாகக் கொடுத்தது யானை. பிடித்துக் கட்டிப் பழக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப்போய்க் கப்பலேற்றினார்கள். உயிருள்ள யானைக்குத்தான் விலை. ஆங்கிலேயர் வந்த பிறகு யானை பயிருக்குப் பகை என்றாகி, கொன்றவனுக்குச் சன்மானம் என்று அரசு அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் சுமார் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதை அன்று இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் ரெனென்ற் பதிவு செய்திருக்கிறார். அன்றைய வட மாகாணம் நுவரகலாவியவையும் உள்ளடக்கியது. இன்றைய வன்னி அதன் நடுவே இருந்தது. அவற்றைக் கொன்றவர்கள் ஊர்ச்சனம், கையில் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துவக்கு. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பெரும் பாரமுள்ள ஈயக்குண்டு போடும் றைபிள்களோடு பத்துப் பதினைந்து யார் தூரத்துக்குப் போய் நெற்றியில் சுட்டார்கள். ஊரவர் கையில் அந்தக் கருவி இல்லை. எத்தனை யானை ஒரே வெடியில் விழுந்திருக்கும், எத்தனை புண்ணோடு அலைந்து செத்திருக்கும் என்பதைச் சன்மானக் கணக்கு சொல்லாது.

இனி இன்றைய விவசாயியின் கைக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் எடுத்துப் பயிர்காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் வேட்டைத் துவக்கு. அதற்குப் பல வகைத் தோட்டா உண்டு. பறவைக்குச் சிறு குண்டுகள். பன்றிக்கு எஸ்.ஜி. எனப்படுவது. ஒரு எஸ்.ஜி. தோட்டாவை வெட்டிப் பார்த்தால் கீழே பித்தளைக் கிண்ணம், அதற்குள் மருந்து, நடுவே அடைப்பான், மேலே ஒன்பதளவு ஈயக்குண்டுகள். ஒவ்வொன்றும் எட்டரை மில்லிமீற்றர் குறுக்களவு, மூன்றரைக் கிராம் பாரம். குழலை விட்டு வெளிவந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். நெருக்குவாயில்லாத குழலென்றால் ஒவ்வொரு மீற்றருக்கும் இரண்டரைச் சென்ரிமீற்றர் என்பது பழைய கணக்கு. இருபது மீற்றரில் அரை மீற்றர் வட்டம். பெரும்பாலான குண்டுகள் பன்றியின் உடம்பிலேயே படும். ஐம்பது மீற்றரில் வட்டம் ஒன்றே கால் மீற்றர். அதற்குள் பன்றியும் இருக்கிறது, வெறும் நிலமும் இருக்கிறது. எங்கே ஒன்று படும், எங்கே இரண்டு படும் என்று எவராலும் சொல்ல முடியாது. உருண்டைக் குண்டு காற்றில் வேகமிழப்பதும் அதிகம்.

ஒருகாலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்த ஸ்கந்தபுரத்துப் பெரியவர் ஒருவர் இந்த எண்கள் எதுவும் இல்லாமலே இதைச் சொன்னார். “பண்டிக்கு எஸ்.ஜி. காணும் தம்பி. ஆனா கிட்ட வரவிட வேணும். எட்டத்தில நிண்டதுக்கு வெடி வைச்சியெண்டால், பிறகு விடிய விடிய ரத்தத்துக்குப் பின்னால திரியவேணும்.” காயப்பட்ட பன்றியைத் தேடிப்போவது அவருக்குக் கடமை. அது திரும்பிப் பாயும் என்பதும் அவருக்குத் தெரியும். தொடையில் அதன் தழும்பு இருக்கிறது.

அந்த வழக்கம் போர் ஆண்டுகளில் அறுந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு எழும்பிய சனம் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் தங்கியது. பிறகு அந்த இடங்களையும் விட்டுப்போக நேர்ந்தது. 2009க்குப் பின் திரும்பி வந்தவர்கள் கண்டது காடாகிப்போன காணிகளை. பன்றிக்கும் யானைக்கும் அவை பழகிய இடங்களாகிவிட்டிருந்தன. மரவள்ளி, கச்சான், நெல் என்று எதைப் போட்டாலும் இரவில் காவல் வேண்டும். சட்டப்படி துவக்கு எடுப்பது நீண்ட வேலை. அந்த இடைவெளியை நிரப்பியவை மூன்று: கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ் எனப்படும், கடித்தால் வெடிக்கும் வாய்வெடி, சட்டவிரோத மின்கம்பி.

இவற்றில் கட்டுத்துவக்கைப் பற்றி அதிகம் பேசவேண்டும், ஏனென்றால் அது தூர வேட்டையின் மறுமுனை. அங்கே சுடுபவர் விலங்கிலிருந்து அரை கிலோமீற்றர் தள்ளி நிற்கிறார். இங்கே வீட்டில் படுத்திருக்கிறார். விலங்கின் பாதையில் கட்டிய கயிறு விசையை இழுக்கிறது. என்ன வருகிறது என்று பார்க்க அந்தப் பாதையில் கண் இல்லை. குழல் பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு வைக்கப்படுகிறது. அந்த உயரம் மனிதனுக்கு முழங்கால். விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் காட்டுக்குப் போகிறவர்கள் முழங்காலிலும் கெண்டைக்காலிலும் துண்டு இரும்போடு வந்து சேர்வது உலர்வலய வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்குப் பழகிப்போன ஒன்று. சிலர் காலை இழக்கிறார்கள். அதே உயரத்தில் குட்டி யானைக்கு அது கால் மூட்டு, சிறுத்தைக்கு நெஞ்சு. கட்டுத்துவக்கு வைப்பவரை நான் கொடியவராகப் பார்க்கவில்லை. கடன்பட்டு விதைத்ததை ஒரே இரவில் இழந்தவர் அவர். ஆனால் சுடுபவர் பார்க்காத வெடி வேட்டையும் அல்ல, காவலும் அல்ல.

யானைக்கு வருவோம். 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. வெடிக்காயம் அந்த இறப்புகளின் முக்கிய காரணங்களில் ஒன்று. வயலைக் காப்பவர் யானையைக் கொல்ல நினைத்துச் சுடுவது குறைவு, விரட்டச் சுடுகிறார். எஸ்.ஜி. குண்டொன்று கிளம்பும்போதே அதனிடமுள்ள ஆற்றல் சுமார் 250 ஜூல். தடித்த தோலுக்கும் தசைக்கும் உள்ளே அது சாகடிக்கும் ஆழத்துக்குப் போவதில்லை. புண் வைக்கும் ஆழத்துக்குப் போகும். அழுக்கும் மயிரும் உள்ளே இழுபட்டுச் சீழ் பிடிக்கும். கால் மூட்டில் பட்டால் யானையால் நீருக்கு நடக்க முடியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் அந்தச் சாவு சுட்டவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலியோடு திரியும் யானை மனிதரைக் கண்டால் விலகிப்போவதுமில்லை. அடுத்த கிராமத்தில் அதன் முன்னே அகப்படுபவருக்கு அந்த வெடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

போர் விட்டுச்சென்ற 7.62 மில்லிமீற்றர் இராணுவத் தோட்டாக்களுக்கும் இதே நியாயம்தான். முழு உறையிட்ட அந்தச் சன்னம் மரையின் உடம்பைத் துளைத்துப் போகும், விரியாது. மரையும் மானும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சுடக் கூடாதவை என்பது ஒருபுறம். சட்டத்தை மீறியவர் கையில் விழும் விலங்கு, அந்தத் தோட்டாவால் இரட்டிப்பாகத் துன்பப்படுகிறது.

ஆகவே வன்னிக்குப் புதிய தோட்டா ஒன்றும் தேவையில்லை, தூரம் எட்டும் றைபிளும் தேவையில்லை. பயிர்காவலுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது அதோடு அரைநாள் பயிற்சியும் கொடுக்கலாம்: கடதாசித் தாளை இருபது, முப்பது, ஐம்பது மீற்றரில் கட்டி எஸ்.ஜி. போட்டுச் சுட்டு, துளைகளை எண்ணிப் பார்க்கவைக்கும் பயிற்சி. ஐம்பது மீற்றர்த் தாளில் இரண்டு துளையைக் கண்டவர் அந்தத் தூரத்துக்கு மறுபடி வெடி வைக்க யோசிப்பார். காவற்கொட்டிலிலிருந்து முப்பது மீற்றரில் சுற்றிவர வெள்ளை பூசிய கட்டைகளை நட்டால் இரவில் ரோச் வெளிச்சத்தில் எல்லை தெரியும். கட்டைக்கு உள்ளே வந்த பன்றிக்கு எஸ்.ஜி.; வெளியே நிற்பதற்கு சத்தமும் வெளிச்சமும். யானை எந்தப் பக்கம் நின்றாலும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, சத்தத்தால் விரட்டும் யானை வெடியைக் கொளுத்த வேண்டும். அந்த வெடி பெரும்போகத்துக்கு முன்பே, கேட்டு அலையவைக்காமல், கொட்டிலுக்கு வந்துசேர வேண்டும். கட்டுத்துவக்கை ஒப்படைப்பவருக்கு வழக்கில்லை என்று அறிவித்து, அவருடைய அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை முதலில் எடுத்தால், அடுத்த கோடைக்குள் காட்டுப் பாதைகள் பலவற்றில் கயிறு இல்லாமற்போகும்.